வந்த காரணம்

பேட்டா நாளுக்கு நூற்றைம்பது.
பள்ளிக்கூட ஜெராக்ஸ் மிஷினுக்கு உருளை
சென்னையிலிருந்து பார்சலில் வருகிறது.
வரும்வரை நாகூரிலேயே இரு என்றது கம்பெனி.
இருக்கிறேன்.

தர்கா வாசலிலிருந்து மூன்றாவது சந்து.
வந்தவர்கள் ஏறி ஏறி
நடுவில் குழிந்துபோன படிகள்.
அறை எண் ஒன்பது.
ஜன்னலைத் திறந்தால் மினாரா,
மூடினால் புறாக்களின் சண்டை.

"ராத்திரிச் சாப்பாடு சல்லிசா எங்க கிடைக்கும்?"
லாட்ஜ் பக்கிரிசாமி
என் சட்டையைப் பார்த்தார்,
பையில் இருந்த பேனாவைப் பார்த்தார்,
ஷூவுக்கு வந்து நின்றுவிட்டார்.
"பஸ் ஸ்டாண்டு கிட்ட ஏசி ஓட்டல் சார்.
பரோட்டா செட்டு, சிக்கன், நூத்தி நாப்பது ஆவும்."
மீதி பத்து ரூபாய்.
அதற்கு ஒரு டீ குடித்துக்கொண்டே
நாளை மதியத்தைப் பற்றி யோசிக்கலாம்.
ஷூ கம்பெனி கொடுத்தது என்று
அவரிடம் சொல்லவில்லை.

தெருவில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்.
பேத்திக்கு முடியிறக்கப் பினாங்கிலிருந்து ஒரு குடும்பம்,
பேச்சு வராத தம்பியோடு
பாலக்காட்டிலிருந்து அக்கா ஒருத்தி,
எந்த ஊர் என்று தனக்கே மறந்துபோன
பச்சைத் தலைப்பாகைக்காரர்.
கப்பல் நின்று எத்தனையோ காலம்,
வருகிறவர்கள் நிற்கவில்லை.
எல்லோரிடமும் ஒரு வேண்டுதல் இருந்தது.
என்னிடம்
விரலில் டோனர் கறை.

"வாடா!"

திரும்பினேன்.
எங்கள் ஈரோட்டுப் பக்கம்
சண்டைக்குக் கூப்பிட்டாலும்
"வாங்க" என்றுதான் கூப்பிடுவோம்.

"வாடா! சுடச்சுட வாடா!"

சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனேன்.
எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால்
கைலியும் வேர்வையுமாக ஒருவர்.
அபூசாலி என்று பிறகு தெரிந்தது.
"யாரைங்க வாடாங்கறீங்க?"
கரண்டியால் சட்டியைக் காட்டினார்.
"இதத்தான்."

அரிசிமாவில் வட்டம்.
வட்டத்தின் மேல் ஒற்றை இறால்,
மீசையோடு,
வெந்துபோனதை இன்னும் நம்பாததுபோல.
ஒன்று பன்னிரண்டு ரூபாய்.
மடித்த கையைக் கீழே இறக்கினேன்.

பிய்த்தேன்.
உள்ளே இருந்து வெங்காயம் ஆவி விட்டது.
"உள்ளடம்" என்றார்.
அப்படி ஒரு சொல் இருப்பது
அதுவரை எனக்குத் தெரியாது.
மூன்றாவதில்தான் ருசி தெரிந்தது,
முதல் இரண்டும் பசிக்குப் போய்விட்டன.

பொட்டலத் தாள் ஏதோ பழைய லாட்ஜ் பதிவேடு.
பெயர், ஊர், வந்த காரணம்.
நேர்த்தி.
நேர்த்தி.
நேர்த்திக்கடன்.
பெண்ணுக்கு வரன்.
நேர்த்தி.
ஓரத்தில், சாய்ந்த கையெழுத்தில் ஒருவர்:
சும்மா.
எண்ணெய் ஊறி ஊறி
மறுபக்கத்துப் பெயர்களும்
இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தன.

நாலாவதைக் கடிக்கும்போது
பக்கத்தில் யாரோ இருமினார்கள்.
பக்கிரிசாமி.
கையில் பொட்டலம், வாயில் பாதி வாடா.
விழுங்கிவிட்டுச் சொன்னார்:
"சாருக்கு இதெல்லாம் ஒத்துக்குமோ என்னமோன்னு..."
"ஒத்துக்குது" என்றேன்.
இருவரும் தலையைக் குனிந்து
அவரவர் இறாலைப் பார்த்தோம்.

மறுநாள் பார்சல் வரவில்லை.
அதற்கு மறுநாளும்.
மேனேஜரிடம் போனில் வருத்தப்பட்டேன்,
கொஞ்சம் நன்றாகவே.

நான்காம் நாள் உருளை வந்தது.
மாட்டினேன். மிஷின் ஓடியது.
பிள்ளைகளின் கேள்வித்தாள்
சூடாக, வரிசையாக வெளியே வந்தது.
ஒன்றைக் கையில் எடுத்து, தெரியாமல்
முகர்ந்து பார்த்தேன்.

ராத்திரி ரயிலுக்கு முன்
பையோடு அந்த முனைக்குப் போனேன்.
கூட்டம். புகை.
பினாங்குக் குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு
இறாலை மட்டும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது.
அபூசாலி நிமிர்ந்து
என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வாடா."

சட்டியைக் காட்டவில்லை.
எதைச் சொன்னார் என்று
நானும் கேட்கவில்லை.
போனேன்.